காலையில் வெளிச்சம், இரவில் இருட்டு: மூளைக்கும் குடலுக்கும் ஒளி சிகிச்சை, முழுமையான வழிகாட்டி

ஒளி சிகிச்சை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் புழங்குகின்றன. ஒன்று, கண் வழியாக மூளைக்குப் போகும் பிரகாசமான வெள்ளை வெளிச்சம். இன்னொன்று, தோலின் மேல் பாய்ச்சும் சிவப்பு, அகச்சிவப்பு ஒளி. முதலாவதற்குப் பின்னால் நாற்பது வருட மனித ஆய்வுகள் இருக்கின்றன. இரண்டாவதில் ஆய்வு மெதுவாக நடக்கிறது, விற்பனை ஓடுகிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால், பெரிய பலன் தரக்கூடியதை விட்டுவிட்டு விலை உயர்ந்த கருவியைத் தேடிப் போய்விடுவோம். அதனால் இந்த வழிகாட்டியில் எது உறுதியோ அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அதில் பெரும்பகுதிக்குச் செலவே கிடையாது.

முதலில், வெளிச்சம் குடல்வரை எப்படிப் போகிறது

கண்ணில் கூம்பு செல், குச்சி செல் என்று இரண்டு வகை உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது. 1998-இல் இக்னாசியோ ப்ரோவென்சியோவின் குழு தவளையின் தோல் செல்களில் மெலனாப்சின் என்ற ஒளி உணரும் புரதத்தைக் கண்டது. 2002-இல் டேவிட் பெர்சன், சமர் ஹத்தார் முதலியோரின் ஆய்வுகள், அதே புரதத்தைக் கொண்ட சில விழித்திரை செல்கள் தாங்களாகவே ஒளியை உணர்கின்றன என்று காட்டின. உருவங்களைத் தெளிவாகக் காட்டுவது இவற்றின் முக்கிய வேலை அல்ல. சுற்றிலும் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அளந்து மூளைக்குச் சொல்வதுதான். சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு இவை அதிகம் அசைகின்றன. பகல் வானத்தில் அந்த ஒளி கொட்டிக் கிடக்கிறது.

இந்தச் செய்தி போய்ச் சேரும் இடம் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் இருக்கும் சுமார் 20,000 நரம்பு செல்களின் கூட்டம். உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். மனிதர்களில் அதன் இயல்பான ஓட்டம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். தினமும் காலை வெளிச்சம் பட்டால்தான் அது சரியாக 24 மணி நேரத்துக்கு இழுத்துப் பிடிக்கப்படும். வெளிச்சமே பார்க்காமல் நாள் முழுக்க அறைக்குள் இருப்பவர்களுக்குத் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடலுக்கு இதில் என்ன வேலை? ஈரல், கணையம், குடல் சுவரின் செல்கள் எல்லாவற்றிலும் சிறு கடிகாரங்கள் இருக்கின்றன. பெருங்குடல் இரவில் கிட்டத்தட்ட ஓய்வெடுக்கும், விழித்தவுடன் சுறுசுறுப்பாகும். இரைப்பை காலையில் உணவை வேகமாகக் கீழே தள்ளும், இரவில் மெதுவாகத் தள்ளும். குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் தினசரி ஏற்ற இறக்கம் உண்டு. 2014-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எரான் எலினாவின் குழு இதை எலிகளிடம் காட்டியது. எலிகளின் பகல் இரவைக் குழப்பியபோது நுண்ணுயிர்களின் தாளமும் கெட்டது. நீண்ட விமானப் பயணத்தால் நேரம் குழம்பிய இரண்டு பேரின் குடல் நுண்ணுயிர்களைக் கிருமியற்ற எலிகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். பயணத்துக்கு முன் எடுத்த மாதிரியைவிட, நேரம் குழம்பியிருந்த நாளில் எடுத்த மாதிரியைப் பெற்ற எலிகளுக்கு எடை அதிகம் கூடியது. இரண்டே பேர் என்பதால் இதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனால் திசை தெரிகிறது. பகல், இரவு என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும் செவிலியர்களிடம் எரிச்சல் குடல் நோய் அதிகம் என்று 2010-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வும் இதே பக்கம்தான் காட்டுகிறது.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற ரசாயனத்தில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் உருவாகிறது, அதனால் குடல் சரியானால் மனம் தானாகச் சரியாகும் என்று பலரும் சொல்கிறார்கள். முதல் பாதி உண்மை. ஆனால் அந்தச் செரோடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நேராக நுழைவதில்லை. குடலும் மூளையும் பேசிக்கொள்வது இரண்டையும் இணைக்கும் வேகஸ் நரம்பு, ஹார்மோன்கள், நோய் எதிர்ப்பு அமைப்பு, நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருள்கள் வழியாக. அந்தப் பேச்சு முழுவதற்கும் நேரம் குறிப்பது உடல் கடிகாரம். ஆகவே கடிகாரத்தைச் சரிசெய்வதுதான் இரண்டையும் ஒன்றாகத் தொடும் வழி.

படி 1: உங்களுக்கு இது பாதுகாப்பா என்று பாருங்கள்

வெளியில் காலை வெளிச்சத்தில் நடப்பதற்குப் பெரும்பாலோர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒளிப்பெட்டி (பிரகாசமான வெள்ளை ஒளி தரும் விளக்குப் பெட்டி), சிவப்பு ஒளிக் கருவி எதையாவது வாங்குவதாக இருந்தால் கீழே உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்.

இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்கள் முதல் வரிசை. காலையில் தரும் பிரகாசமான ஒளி சிலரை மனச்சோர்விலிருந்து நேரே மிகையான உற்சாக நிலைக்குத் தூக்கிவிடும். அவர்களுக்கும் ஒளி சிகிச்சை உண்டு, ஆனால் மருந்தோடு, மேற்பார்வையோடு, வேறு நேரத்தில். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து கண். விழித்திரை நோய்கள், நீரிழிவால் வந்த விழித்திரைப் பாதிப்பு, மாக்குலா சிதைவு, கிளாக்கோமா இருந்தால் கண் மருத்துவரைக் கேட்காமல் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) பெட்டி முன்னால் உட்காரக் கூடாது. அப்புறம் மருந்துகள். டாக்ஸிசைக்ளின் போன்ற டெட்ராசைக்ளின் வகைகள், அமியோடரோன், ஐசோட்ரெட்டினோயின், சில மனநோய் மருந்துகள், மனச்சோர்வுக்காகச் சிலர் தாங்களாகவே எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை ஆகியவை தோலையோ கண்ணையோ ஒளிக்கு அதிகம் கூசச் செய்யும். வலிப்பு நோயோ ஒற்றைத் தலைவலியோ உள்ளவர்கள் மினுக்கும் ஒளி எதையும் தொடவே வேண்டாம்.

படி 2: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க எல்லோருக்கும் ஆசை வரும். குதிக்காதீர்கள். ஒளி எந்த நேரத்தில் படுகிறது என்பதைப் பொறுத்து அது நன்மையும் செய்யும், நேர் எதிரானதையும் செய்யும்.

ஒரு வாரத்துக்குத் தினமும் ஆறு விஷயங்களைக் குறியுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எத்தனை மணிக்கு விழித்தீர்கள், முதல் சாப்பாடு, கடைசிச் சாப்பாடு, மலம் கழித்த நேரம், அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு எவ்வளவு மதிப்பெண். அலாரம் வைக்காத நாள் ஒன்றிரண்டு இருந்தால் அவற்றை வட்டமிட்டுக்கொள்ளுங்கள். அன்று எழுந்த நேரம்தான் உங்கள் உடலின் உண்மையான நேரம்.

ஏன் இது முக்கியம்? இயல்பாக விழிக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு உடல் வெப்பநிலை ஒரு நாளின் மிகக் குறைந்த அளவைத் தொடுகிறது. அந்தப் புள்ளிக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் நகர்த்தும், அதாவது இரவில் சீக்கிரம் தூக்கம் வரும். அந்தப் புள்ளிக்கு முன்னால் பட்டால் பின்னால் தள்ளும். அலாரம் இல்லாமல் 9 மணிக்கு எழுபவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய புள்ளி 7 மணி வாக்கில் இருக்கும். யாரோ சொன்னார்கள் என்று அவர் 5 மணிக்கு எழுந்து ஒளிப்பெட்டி முன்னால் உட்கார்ந்தால், உடல் அதை முந்தைய நாளின் நீட்சியாகத்தான் எடுத்துக்கொள்ளும். தூக்கம் இன்னும் தள்ளிப் போகும். பெட்டி வேலை செய்யவில்லை என்று அவர் தூக்கிப் போடுவார். அவர் தொடங்க வேண்டிய நேரம் 8.30 அல்லது 9. பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம், அரை மணி என்று முன்னால் நகர்ந்து வர வேண்டும்.

படி 3: காலை வெளிச்சம், வெளியில்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கண்ணை நம்பி வெளிச்சத்தை அளக்க முடியாது, ஏனென்றால் கண் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி தன்னைப் பழக்கிக்கொண்டு எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரி காட்டிவிடுகிறது. எண்களைப் பாருங்கள். விளக்கு போட்ட ஓர் அறையில் 100 முதல் 500 லக்ஸ். மேகம் மூடிய நாளில் வெளியில் 1,000-க்கு மேல், பல நேரம் 10,000-ஐயும் தொடும். நல்ல வெயிலில் 50,000 முதல் 1,00,000 வரை. நமக்கு வெளிச்சமாகத் தோன்றும் அறை, மூளையின் கடிகாரத்துக்கு அந்தி நேரம்தான்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போங்கள். வானம் தெளிவாக இருந்தால் 20 முதல் 30 நிமிடம் போதும். மேகமாக இருந்தால் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, ஒரு நொடிகூட. சூரியனைப் பார்த்தால் கண்ணுக்கு நல்லது என்று பரவும் பேச்சை நம்பி விழித்திரையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு, அந்தக் காயம் பல நேரம் முழுதாக ஆறுவதில்லை. வானத்தின் கீழ் இருந்தாலே போதும். பார்வைக்கான கண்ணாடி அணியலாம். கறுப்புக் கண்ணாடி மட்டும் அந்த நேரத்துக்கு வேண்டாம், கண் கூசுவது நோயாக இருந்தால் தவிர.

நிழலில் நிற்கலாமா? நிற்கலாம். நிழலில்கூடத் திறந்த வானத்தைப் பார்த்து நின்றால் சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். வெளியே போகவே முடியாதவர்கள், படுக்கையில் இருக்கும் முதியவர்கள், ஜன்னலை ஒட்டி உட்காரலாம். ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி விலகினாலே வெளிச்சம் வெகுவாக விழுந்துவிடும் என்பதால் ஒட்டி என்றால் உண்மையிலேயே ஒட்டி. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் கடிகாரத்தை அசைக்கும். வைட்டமின் டி மட்டும் கிடைக்காது, அதற்கு வேண்டிய புற ஊதா பி கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது.

முதியவர்களைப் பற்றிச் சொல்லும்போது நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 12 பராமரிப்பு இல்லங்களில் இருந்த 189 முதியவர்களை வைத்துச் செய்தார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு மறதி நோய். சில இல்லங்களின் பொதுக்கூடத்தில் பகல் முழுக்க சுமார் 1,000 லக்ஸ் வெளிச்சம் வைத்தார்கள், மற்றவற்றில் வழக்கமான வெளிச்சம். 2008-இல் வெளிவந்த முடிவுப்படி, பிரகாசமான கூடங்களில் இருந்தவர்களுக்கு அறிவுத்திறன் சரிவு சற்றே மெதுவானது, மனச்சோர்வு அறிகுறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. மறதி நோயை இது குணப்படுத்தவில்லை. ஆனால் கூரையில் நல்ல விளக்கு போட்டதற்குக் கிடைத்த பலன் இது என்று யோசித்தால், இருட்டான அறைகளில் நம் பெரியவர்களை உட்கார வைத்திருப்பது எனக்கு மனதை உறுத்துகிறது.

படி 4: ஒளிப்பெட்டி, தேவைப்பட்டால் மட்டும்

விடியும் முன்பே வேலைக்குக் கிளம்புபவர்கள், நீண்ட குளிர்காலம் உள்ள இடங்களில் வாழ்பவர்கள், மனச்சோர்வுக்காக மருத்துவர் பரிந்துரைத்தவர்கள் ஆகியோருக்கு ஒளிப்பெட்டி உதவும்.

1984-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் நார்மன் ரோசென்தாலும் கூட்டாளிகளும் குளிர்காலத்தில் மட்டும் வரும் மனச்சோர்வை விவரித்து, அதற்கு ஒளியைச் சிகிச்சையாக முன்வைத்தார்கள். தொடக்கத்தில் 2,500 லக்ஸில் மணிக்கணக்காக உட்கார வேண்டியிருந்தது. பிறகு 10,000 லக்ஸில் 30 நிமிடம் என்பது வழக்கமாயிற்று. குளிர்காலத்தோடு தொடர்பில்லாத மனச்சோர்விலும் இது உதவும் என்று 2016-இல் கனடாவில் ரேமண்ட் லாமின் குழு காட்டியது. 122 பேர், எட்டு வாரம். ஒளியும் மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரையும் சேர்ந்தபோது பலன் மிக அதிகம். ஒளி மட்டும் கொடுத்தபோதும் போலி சிகிச்சையைவிடத் தெளிவான முன்னேற்றம். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்தபோதுதான் மிக நன்றாக வேலை செய்தது என்பதுதான் அந்த ஆய்வு சொல்வது.

வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். எத்தனை தூரத்தில் 10,000 லக்ஸ் என்று எழுதியிருக்க வேண்டும். தூரம் சொல்லாமல் 10,000 என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. கையளவுச் சிறிய பெட்டிகள் பல, முகத்தைக் கிட்டத்தட்ட ஒட்டிவைத்தால்தான் அந்த அளவைத் தரும். அகலமான திரையுள்ள பெட்டி 40 முதல் 60 சென்டிமீட்டர் தூரத்திலேயே தரும், முகத்தைக் கொஞ்சம் அசைத்தாலும் அளவு குறையாது. இரண்டாவது, புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது, வெள்ளை ஒளி போதும். நீல ஒளி மட்டும் தரும் கருவிகள் தேவையில்லை, கண்ணுக்கும் சுகமில்லை. நான்காவது, மினுக்கம் இருக்கக் கூடாது.

பெட்டியைக் கண் மட்டத்துக்குச் சற்று மேலே, கொஞ்சம் சாய்த்து வையுங்கள். வானத்து வெளிச்சம் மேலிருந்து வருவதைப்போல அதுவும் மேலிருந்து வரட்டும். பெட்டியை முறைத்துப் பார்க்க வேண்டாம். படிக்கலாம், சாப்பிடலாம், கண் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் மூன்று நாள் 10 நிமிடம், அடுத்த மூன்று நாள் 20, பிறகு 30. தலைவலி, கண் உறுத்தல், குமட்டல், படபடப்பு வந்தால் தூரத்தைக் கூட்டுங்கள் அல்லது நேரத்தைக் குறையுங்கள். பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். படபடப்போடு தூக்கமே தேவைப்படாத அளவுக்கு உற்சாகம் ஏறினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இருதுருவக் கோளாறு பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? 2018-இல் டாரதி சிட்டின் குழு 46 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மனநிலையை நிலைப்படுத்தும் மருந்து எடுத்துக்கொண்டே நடுப்பகலில் 7,000 லக்ஸ் ஒளி பெற்றவர்களில் 68 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு முழுதாக விலகியது. மங்கிய சிவப்பு ஒளி பெற்றவர்களில் 22 சதவீதம். காலையில் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம், நடுப்பகல் ஒளி மிகை உற்சாகத்தைத் தூண்டும் ஆபத்து குறைவு என்பது. மருத்துவரோடு மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

படி 5: இரவை இருட்டாக்குங்கள்

காலையில் எவ்வளவு வெளிச்சம் பார்த்தாலும் இரவில் பகல்போல விளக்கு எரிந்தால் பாதி வேலை வீண். டிமோத்தி பிரவுன் முதலான ஆய்வாளர்கள் 2022-இல் ஒரு பொதுப் பரிந்துரை வெளியிட்டார்கள். மெலனாப்சின் செல்கள் உணரும் விதத்தில் கணக்கிட்ட லக்ஸ் அளவு பகலில் குறைந்தது 250, தூங்குவதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் அதிகபட்சம் 10, தூங்கும்போது அதிகபட்சம் 1.

எண்களை அளக்க வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கூரை விளக்கை அணைத்துவிட்டு, கண் மட்டத்துக்குக் கீழே மஞ்சள் விளக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியின் வெளிச்சத்தைக் கடைசிவரை குறையுங்கள். திரையை மஞ்சளாக மாற்றும் வசதி நல்லதுதான், ஆனால் வெளிச்சத்தைக் குறைக்காமல் நிறத்தை மட்டும் மாற்றினால் பெரிதாகப் பலன் கிடைக்காது. குளியலறை விளக்கை மறந்துவிடாதீர்கள். பல வீடுகளில் தூங்கப் போகும் முன் கண்ணில் படும் கடைசிப் பளீர் வெளிச்சம் அதுதான்.

தூங்கும் அறையில் சின்ன விளக்கு எரிந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: ஃபில்லிஸ் ஜீயின் குழு 2022-இல் 20 பேரை வைத்துச் சோதித்தது. ஒரே ஓர் இரவு, 100 லக்ஸ் வெளிச்சத்தில் தூங்கியவர்களுக்கு இதயத் துடிப்பு கூடியது, மறுநாள் காலை இன்சுலினுக்கு உடல் சரியாகப் பதில் சொல்லவில்லை. தாங்கள் நன்றாகத் தூங்கவில்லை என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நமக்குத் தெரியாமலேயே நடக்கிறது.

ஆளுக்கு ஆள் வித்தியாசமும் அதிகம். ஆஸ்திரேலியாவில் 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாலை வெளிச்சத்தால் மெலடோனின் (இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோன்) குறையும் அளவு மனிதருக்கு மனிதர் ஐம்பது மடங்குக்கு மேல் மாறுபட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டில் ஒருவர் சொல்வதும், மற்றவருக்குத் தூக்கமே வராததும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். யாருக்குக் கூச்சம் அதிகமோ அவருக்குத் தகுந்தபடி விளக்கை வையுங்கள்.

படி 6: சாப்பாட்டு நேரத்தை வெளிச்சத்தோடு சேருங்கள்

ஒளி மூளையின் கடிகாரத்தை நேராகத் தொடுகிறது. குடல், ஈரல் ஆகியவற்றின் கடிகாரங்கள் சாப்பாட்டு நேரத்தையும் கவனிக்கின்றன. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பத்து ஆண்களுக்குச் சாப்பாட்டை ஐந்து மணி நேரம் தள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 2017-இல் வந்தது. மூளைக் கடிகாரத்தைக் காட்டும் மெலடோனின் அசையவே இல்லை. ரத்தச் சர்க்கரையின் தாளம் மட்டும் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் பின்னால் போய்விட்டது. அதாவது ஒரே உடலுக்குள் இரண்டு வேறு நேரங்கள்.

ஆகவே காலை வெளிச்சம் கண்ட ஓரிரு மணி நேரத்துக்குள் முதல் சாப்பாடு, தூங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பு கடைசிச் சாப்பாடு. தினமும் ஏறக்குறைய ஒரே நேரம். மலச்சிக்கல் உள்ளவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: வெளிச்சம், நடை, சாப்பாடு முடிந்த கையோடு பத்து நிமிடம் கழிப்பறைக்கு ஒதுக்குங்கள். விழித்த பிறகும் சாப்பிட்ட பிறகும்தான் பெருங்குடல் பலமாக அசைகிறது. அந்த நேரத்தை அவசரத்தில் தவறவிடுவது பலருடைய மலச்சிக்கலுக்கு ஒரு காரணம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 7: சிவப்பு ஒளிக் கருவிகளை நிதானமாக அணுகுங்கள்

1960-களின் இறுதியில் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் குறைந்த சக்தி லேசரை எலிகளின் மேல் பாய்ச்சியபோது மழித்த இடத்தில் முடி வேகமாக வளர்ந்தது. அங்கிருந்து வளர்ந்த துறை இது. 600 முதல் 1,100 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு நொதி உறிஞ்சி, செல்லின் ஆற்றல் உற்பத்தியைத் தூண்டுகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். புற்றுநோய் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இது மருத்துவமனைகளில் உண்மையாகவே பயன்படுகிறது. வாய்ப்புண் மேற்பரப்பில் இருக்கிறது, ஒளி எளிதாக எட்டும்.

மூளையும் குடலும் மேற்பரப்பில் இல்லை. டார்ச்சை உள்ளங்கைக்குப் பின்னால் வைத்தால் விரல்கள் சிவப்பாக ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு ஒளி சதைக்குள் ஓரளவு போகும் என்பதற்கு அது சான்று. ஆனால் தலைமுடி, தோல், மண்டை ஓடு எல்லாவற்றையும் தாண்டி மூளையின் மேற்பரப்பைத் தொடுவது மிகச் சிறிய பங்குதான். வயிற்றிலும் தோல், கொழுப்பு, தசை என்று அடுக்குகள் இருக்கின்றன.

பக்கவாதத்துக்கு 808 நானோமீட்டர் லேசரை நெஸ்ட் என்ற பெயரில் மூன்று ஆய்வுகளில் சோதித்தார்கள். 2007-இல் வந்த முதல் ஆய்வு நம்பிக்கை தந்தது. இரண்டாவது தன் இலக்கை எட்டவில்லை. மூன்றாவதில் பலன் தெரிய வாய்ப்பில்லை என்று பாதியிலேயே நிறுத்தினார்கள். குடலைப் பொறுத்தவரை, எலிகளின் வயிற்றில் இந்த ஒளியைப் பாய்ச்சினால் நுண்ணுயிர் கலவை மாறுகிறது என்று ஆஸ்திரேலியக் குழு ஒன்று 2019-இல் காட்டியது. எலியின் வயிறு எவ்வளவு மெல்லியது என்பதை நினைத்துப் பாருங்கள். பார்க்கின்சன் நோயாளிகள் 12 பேருக்குத் தலை, கழுத்து, வயிறு ஆகிய இடங்களில் கொடுத்த சிறிய ஆய்வில் நடை, சமநிலை போன்றவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. ஆர்வமூட்டும் தொடக்கம், அதற்கு மேல் இல்லை. ஒரு குடும்பம் தன் சேமிப்பை இதில் போடுவதற்கு இது போதாது என்பது என் உறுதியான கருத்து.

ஏற்கெனவே கருவி இருக்கிறது, முயன்று பார்க்க வேண்டும் என்பவர்கள் தயாரிப்பாளர் சொன்ன தூரத்தையும் நேரத்தையும் தாண்டாதீர்கள். இந்த ஒளியில் அதிகம் கொடுத்தால் பலன் குறையவும் செய்யும். கண்ணுக்கு நேரே வேண்டாம், அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் கண் தானாகச் சுருங்கித் தன்னைக் காத்துக்கொள்ளாது. புற்றுக்கட்டி இருக்கும் இடத்திலும், கர்ப்பிணிகளின் வயிற்றிலும் வேண்டாம்.

நொடிக்கு 40 முறை மினுக்கும் ஒளி பற்றியும் கேள்வி வரும். எம்.ஐ.டி.யில் லீ-ஹுயே சாய் குழு 2016-இல் அல்சைமர் மறதி நோய் போன்ற பாதிப்பு வரும்படி உருவாக்கிய எலிகளில், அந்த நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் இதனால் குறைந்ததாகக் காட்டியது. 2023-இல் கியோர்கி புஜாகியின் குழு அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. வீட்டில் செய்து பார்க்கும் கட்டத்துக்கு இது வரவில்லை.

புற ஊதா பி ஒளிக்கும் குடலுக்கும் தொடர்பு காட்டிய சிறு ஆய்வு ஒன்று உண்டு. 2019-இல் வான்கூவரில் 21 பெண்களுக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை தோலில் அந்த ஒளி கொடுத்தார்கள். குளிர்காலத்தில் வைட்டமின் டி மாத்திரை எடுக்காதவர்களுக்குக் குடல் நுண்ணுயிர்களின் வகைகள் கூடின, மாத்திரை எடுத்தவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. வைட்டமின் டி வழியாக நடந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். தோல் புற்றுநோய் ஆபத்து இருப்பதால் இதற்காகப் புற ஊதா விளக்கு வாங்குவது நியாயமே இல்லை. வைட்டமின் டி குறைவா என்று ரத்தப் பரிசோதனை செய்து, குறைவென்றால் மருத்துவர் சொல்லும் மாத்திரையை எடுப்பது எளிது.

இரவு ஷிப்ட்காரர்களுக்கு

மேலே சொன்ன நேரங்கள் உங்களுக்குப் பொருந்தாது. தொடர்ந்து பல வாரம் இரவு வேலை என்றால், ஷிப்டின் முதல் பாதியில் பிரகாசமான வெளிச்சம், கடைசி இரண்டு மணி நேரம் மங்கலாக, வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, தூங்கும் அறை கும்மிருட்டு என்று மாற்றிக்கொள்ளுங்கள். தூக்கம் சொக்கும் நிலையில் வண்டி ஓட்டுபவர் என்றால் கறுப்புக் கண்ணாடி வேண்டாம், பாதுகாப்புதான் முதலில். நள்ளிரவில் கனமான சாப்பாட்டைத் தவிர்த்து, ஷிப்டுக்கு முன்பும் தூங்கி எழுந்த பிறகும் சாப்பிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஷிப்ட் மாறினால் கடிகாரத்தைத் திருப்ப முயலவே வேண்டாம், விடுமுறை நாளில் காலை வெளிச்சத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 8: பலனைப் பார்த்து மாற்றுங்கள்

படி 2-இல் எழுதிய அதே குறிப்பைத் தொடர்ந்து எழுதுங்கள். தூக்க நேரம் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே அசையத் தொடங்கும். மனநிலைக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம் கொடுங்கள். குடலுக்கு இன்னும் பொறுமை வேண்டும், நான்கு வாரமாவது பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். ஒரே நேரத்தில் ஐந்து மாற்றங்களைச் செய்தால் எது உதவியது என்று தெரியாது. முதல் வாரம் காலை வெளிச்சம், இரண்டாவது வாரம் இரவு இருட்டு, மூன்றாவது வாரம் சாப்பாட்டு நேரம் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

அதிகாலை 3 மணிக்கே விழிப்பு வர ஆரம்பித்தால் கடிகாரம் அளவுக்கு மேல் முன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம். காலை ஒளியை அரை மணி தள்ளி வையுங்கள், மாலையில் சற்று நேரம் வெளியில் நடங்கள். தூக்கம் இன்னும் தள்ளிப் போகிறது என்றால் ஒளியை மிகச் சீக்கிரம் எடுக்கிறீர்களா என்று படி 2-ஐத் திரும்பப் பாருங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி அல்லது பேதி, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாக மாறிய மலப்பழக்கம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் இன்றைக்கே, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி, அவரோடு சேர்ந்து போங்கள். சிகிச்சை தொடங்கிய பிறகும் காலை நடையை விட வேண்டியதில்லை, மருத்துவரிடம் அதையும் சொல்லி வையுங்கள்.